மூட்டைக்குப் பேர் கேட்ட அக்கா

அந்த அக்கா எந்தக் காகிதத்தையும் படிப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையோ, கரண்ட் பில்லோ, கோயில் கொடை நோட்டீஸோ, எதுவானாலும் முதலில் மூக்கு. அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு தேய்ப்பு. கடைசியில்தான் கண். என் கடையில் முதல் தடவை ஒரு தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோனபோது, என் எழுத்துப் பிழைகள் அவ்வளவு தூரம் நாறுகின்றனவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்தில் எந்தக் காகிதக் கொட்டகையிலும் அவரை வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் வேலை தேவைப்படும்.

நான் திருத்தங்கலில் டைப்பிங், செராக்ஸ், டிசைன் மூன்றையும் ஒரே அறைக்குள் அடைத்து ஒரு கடை நடத்துகிறேன். சிவகாசிப் பட்டாசுப் பெட்டிகள் சிலவற்றுக்கு எழுத்துக் கோத்துக் கொடுத்தவன் நான்தான். 'எட்ட நின்று கொளுத்தவும்' என்ற எச்சரிக்கையை, இடம் இல்லை என்று முதலாளிகள் சொன்னதால், பெட்டியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் மட்டுமே படிக்க முடிகிற அளவில் போட்டவனும் நானே.

அக்காவுக்குத் தொழில் கழிவுக் காகிதம். விஸ்வநத்தம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அச்சாபீஸில் வெட்டி விழும் ஓரங்கள், பட்டாசுக் கம்பெனியில் மிஞ்சிய குழாய்த்தாள், கிழிந்த பெட்டி எல்லாம் சாக்கு மூட்டையாக வந்து இறங்கும். ஆறு பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். வெள்ளை தனி, கலர் தனி, அட்டை தனி. பிரித்தது பேப்பர் மில்லுக்குப் போய்க் கூழாகி, மறுபடியும் பட்டாசு சுற்றுகிற தாளாக எங்கள் ஊருக்கே வந்து சேரும். நாலாவதாக ஒரு குவியல் உண்டு. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டிய தாள். அதை எந்த மில்லும் வாங்காது. கொட்டகைக்குப் பின்னால் அது வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போனது.

"ஏ தம்பி, நீ டிசைன் போட்டது பூராம் என் கொட்டகைக்குப் பின்னாடிதான் கெடக்கு. மழைக்குக்கூட மக்க மாட்டேங்கு. வந்து பாத்துட்டுப் போ" என்பார்.

ஒருநாள் போனேன். வாசல் வேப்பமரத்தில் ஒரு துணிப்பை தொங்கியது.

"போனை அதுல போடு."

போட்டேன்.

"வாட்சைக் களட்டு. சாவிக்கொத்தையும் போடு."

"அக்கா, இது பளைய பேப்பர் கொட்டகை. பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குற ரூமுக்கா வந்திருக்கேன்?"

"அது மூட்டைக்குத் தெரியுமா? செருப்பையும் விட்டுட்டு வா."

உள்ளே இரண்டு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல். ஆறு பேரும் பருத்திச் சேலை. ஒருவர் கையிலும் கண்ணாடி வளையல்கூட இல்லை. ஒவ்வொரு தாளும் மூக்குக்கும் விரலுக்கும் போய்விட்டுத்தான் குவியலுக்குப் போனது. அந்த ரோட்டில் போகிற லோடுமேன்கள் அவருக்கு 'வேஸ்ட்டக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் ரோட்டுக்கே வந்துவிடுவார். "வேஸ்ட்டு நான் இல்லலே. நீங்க கொண்டாந்து தட்டுறதுதான் வேஸ்ட்டு!"

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி சொன்னாள். அதற்கு முந்தின கோடையில், நாரணாபுரத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண், ஒரு மூட்டையைச் சிமெண்ட் தரையில் இழுத்திருக்கிறாள். உள்ளே காகிதத்தோடு காகிதமாகக் கூட்டி அள்ளின மருந்து இருந்திருக்கிறது. சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். இரண்டு கையும் முழங்கை வரை போய்விட்டது. உயிர் இருக்கிறது. மகளுக்குச் சடை பின்ன முடியாது.

அன்றைக்கு மூன்று கம்பெனிகளிலிருந்து மூட்டை வந்திருந்தது. அக்கா மூன்று கேட்டிலும் போய் நின்றிருக்கிறார். மூன்று இடத்திலும் ஒரே பதில்: எங்கள் மூட்டை இல்லை. மூன்றாவது கம்பெனி மேனேஜர் கொஞ்சம் நக்கலாகக் கேட்டாராம்.

"எங்க மூட்டைன்னு எப்படிம்மா சொல்றீக? சாக்குல எங்க பேரா எளுதியிருக்கு?"

"எளுதியிருந்தா?" என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அந்த மேனேஜர் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு வேலை வந்துவிட்டது.

நான் கொட்டகைக்குப் போய்வந்த மறுவாரம் அக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "ஒரு மனு அடிக்கணும். மூணே மூணு விசயம். களிவைப் போடுறவன் மூட்டை மேல தன் பேரை எளுதணும். மருந்து பட்டதைக் காகிதத்தோட கலக்கக் கூடாது. மில்லு வாங்காத பளபளா தாளை, செஞ்சவனே திரும்ப எடுத்துக்கிடணும். இதைச் சட்டமாப் போடணும்."

"சட்டமெல்லாம் ஏற்கெனவே இருக்குன்னு சொல்றாகளே அக்கா."

"இருக்கலாம். என் மூட்டை வரைக்கும் வந்து சேரல."

"சரி, யாருக்கு அடிக்க?"

"சட்டசபையில உக்காந்திருக்கவுக அம்புட்டுப் பேருக்கும்."

"அம்புட்டுப் பேருன்னா இருநூத்து முப்பத்தி நாலுக்கா!"

"அடி."

ஒன்று அடித்து மீதியைச் செராக்ஸ் போட்டுவிடலாம் என்று தொழில் தர்மத்தை மீறாமல் ஒரு யோசனை சொன்னேன். அக்கா சம்மதிக்கவில்லை. "செராக்ஸ் அனுப்புனா அவுகளும் செராக்ஸாத்தான் பாப்பாக. பேரு, தொகுதி எல்லாம் தனித்தனியா வேணும். வாங்குறவுகளுக்கு நமக்குன்னு வந்ததுன்னு தெரியணும்ல?"

பக்கத்தில் நின்றுகொண்டு வாக்கியங்களையும் பிரித்தார். "இந்த வரி கோவம். இது கோரிக்கை. ரெண்டையும் ஒரே பாராவுல போட்டா எதையும் எடுக்க மாட்டாக." நான் 'மறுசுழற்சி' என்று அடித்ததும் திரையைத் தொட்டுக் கேட்டார்.

"இது என்ன?"

"திரும்பச் சுத்துறது."

"ஒரு சுத்துக்கே ரெண்டு கை போயிருச்சு. சரி, போடு. அவுகளுக்கு அதுதான் புரியும்னா அதையே போடு."

பொருள் என்ற இடத்தில் நான் எழுதியது இது: 'கழிவுக் காகிதத்தில் மருந்து கலந்து வருவதைத் தடுக்கச் சட்டம் இயற்றக் கோருதல்.' எனக்கு நானே தட்டிக்கொடுக்கும் அளவுக்கு நல்ல வாக்கியம். அக்கா மோந்து பார்த்துவிட்டு இருநூற்று முப்பத்துநாலிலும் கையெழுத்துப் போட்டார். நாலு நாள் ஆயிற்று. தபால் ஆபீஸில் எங்களைப் பார்த்ததும் கவுண்டரை மூடிவிடலாமா என்று அங்கிருந்த பெண் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

ரொம்ப நாள் எந்தப் பதிலும் இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தார். அவர் போன் செய்கிறார் என்றால் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நிற்கிறார் என்று அர்த்தம்.

"தம்பி, வெரசா ஓடியா. ஆபீஸர் ஒருத்தர் வந்திருக்காக. மாத்திரை கேக்காக."

"ஏன், தலைவலியா?"

"அவுகளுக்கு இல்ல. எனக்குத்தான் வரும்போல இருக்கு. வா."

போனால், வெளியூர் அதிகாரி ஒருவர் கையில் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் கடிதம்தான். மேலே நாலைந்து முத்திரை குத்தி, 'நடவடிக்கைக்காக' என்று சுகாதாரத் துறைக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது.

"காலாவதியான மாத்திரை, டானிக், ஊசி இதெல்லாம் இங்கே காகிதத்தோட வருதுன்னு எழுதியிருக்கீங்களே. எங்கே வச்சிருக்கீங்க?"

"மாத்திரை எங்கய்யா வருது? மருந்துல்ல வருது?" என்றார் அக்கா.

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன். மருந்து எங்கே?"

"காகிதத்துல ஒட்டிக்கிட்டு வரும்யா."

"மருந்து எப்படிம்மா ஒட்டும்? தைலமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் மருந்து என்றால் ஒன்றுதான். டாக்டர் கொடுப்பதற்குப் பேர் மாத்திரை, ஊசி. இந்த ஊரை விட்டு வெளியே போனால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்பது, ஊரெல்லாம் வார்த்தை அடித்துப் பிழைக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. உடனே பிழையைச் சரிசெய்யக் கிளம்பினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சார், அது வெடிமருந்து சார்!"

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "வெடிமருந்தா? இந்தத் தகரக் கொட்டகையிலயா? லைசென்ஸ் இருக்கா?"

"நாங்க வைக்கல சார். அதுவா வருது."

"அதுவா வருதுன்னா? கையெழுத்துப் போட்டு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே, இங்கே வெடிமருந்து இருக்குன்னு!"

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்துவிட்டார். யார் யாருக்கோ போன் செய்தார். சாயங்காலத்துக்குள் தகரக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உரிமம் இல்லாமல் வெடிபொருள் வைத்திருப்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் சீல்.

ஆறு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நாளைக்கு வரணுமாக்கா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அக்கா நோட்டீஸ் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். பசை ஈரம்கூடக் காயவில்லை.

"எல்லாம் என் தப்புக்கா" என்றேன். எனக்குத் தெரிந்த நையாண்டி எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"கையெழுத்து நான்தானே போட்டேன்? ஊர்ப்பட்ட காகிதத்தைப் பிரிக்கோம். ஒரு வார்த்தையைப் பிரிக்காமப் போட்டுட்டோம்." நோட்டீஸிலிருந்து முகத்தை எடுத்தார். "நாளைக்கு எம்.எல்.ஏ.வைப் பாக்கப் போவோம். ஒன் வண்டியை எடுத்துட்டு வா."

பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர் வாரத்தில் ஒருநாள் காலையில் மனு வாங்குவார். கட்சி, பேர் எதுவும் வேண்டாம். நான் என் மொபெட்டோடு போனேன். அக்கா ஒரு மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிவந்து, என் கால் வைக்கிற இடத்தில் ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் வைத்தார்.

"இது எதுக்குக்கா?"

"நேத்து வந்த லோடு. பிரிக்காதது."

அதில் மருந்து இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் வண்டி ஓட்ட முடியாது. முழங்கால் இரண்டையும் அகற்றி வைத்துக்கொண்டு, முதல் பிரசவத்துக்குப் பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதைவிட மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து குரல் வந்தது. "மெள்ள. மெள்ள." சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள். ஒரு ஆடுகூட முந்தியது.

எம்.எல்.ஏ. ஆபீஸில் முப்பது பேர் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அவர் கடிதத்தைப் படித்தார், நோட்டீஸைப் படித்தார், சிரித்தார். உடனே யாருக்கோ போன் போட்டார். "அட, நம்ம ஊர்ல மருந்துன்னா என்னன்னு அவருக்குத் தெரியலய்யா. அந்த நோட்டீஸை எடுத்திருங்க." போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "எடுத்துருவாக. வேலை முடிஞ்சுதுல்லம்மா?"

எனக்குக் காலில் விழலாம் போல இருந்தது. அக்கா அசையவில்லை.

"ஐயா, நான் என் கொட்டகைக்காக வரல. மனு என்னத்துக்குன்னு பாருங்க."

"பாத்தேம்மா. சட்டமெல்லாம் இருக்கு. பேசுவோம், பேசுவோம்."

அக்கா திரும்பி, கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. செல்போனையும் கொண்டுட்டுப் போங்க. ஐயா மட்டும் இருக்கட்டும்." அவர் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, முப்பது பேரும் எழுந்து போனார்கள். பி.ஏ. போனார். நானும் கதவு வரை போய்விட்டேன். அங்கேயிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அக்கா மூட்டையைத் தூக்கிவந்து அவர் காலடியில் இறக்கி, கட்டை அவிழ்த்தார்.

"கையை விட்டு ஒரு தாளை எடுங்கய்யா."

அவர் மூட்டையைப் பார்த்தார். "இதுல மருந்து இருக்கா?"

"தெரியாதுங்கய்யா."

"தெரியாம எப்படிம்மா இங்க கொண்டு வந்தே?"

"தெரியாமத்தான்யா தெனமும் வருது. தெரியாமத்தான் ஆறு பொம்பளைகளைக் கை விடச் சொல்றேன்."

"எந்தக் கம்பெனி மூட்டை?"

"அதத்தான்யா நானும் கேட்டு எளுதியிருக்கேன்."

எம்.எல்.ஏ. நாற்காலியின் நுனிக்கு வந்தார். காப்புப் போட்ட கை நீண்டது.

"அந்தக் காப்பைக் களட்டிட்டு விடுங்கய்யா. உரசிரப் போகுது" என்றார் அக்கா. கேலியே இல்லை. தன்னிடம் வேலை பார்க்கிற பெண்ணிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அந்தக் கை அப்படியே நின்றது. மூட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ரொம்ப நேரம். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் போய் அவர் மடியில் விழுந்தது.

"கட்டும்மா அதை" என்றார். "வர்ற கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுறேன்."

மூட்டையை மறுபடி என் காலடியிலேயே வைத்துத் திரும்பி வந்தோம். கொட்டகையில் அக்கா தனியாக உட்கார்ந்து அதைப் பிரித்தார். பாதி மூட்டைக்குக் கீழே, ஒரு குழாய்த்தாளின் மடிப்பில், ஒரு கரண்டி அளவுக்குச் சாம்பல் நிறப் பொடி இருந்தது. அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த எம்.எல்.ஏ. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சட்டசபையில் எழுந்து இரண்டு நிமிஷம் பேசினார். 'மூட்டைக்கு மேலே பேர் வேண்டும்' என்று அக்காவின் வரியை அப்படியே சொன்னார். கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்று என் போனில் அதைப் பார்த்தோம். பதில் சொன்ன மந்திரி, கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றார்.

"பரிசீலனைன்னா?"

"எடுத்துப் பாப்பாகளாம்."

"என்னைக்கு?"

அதற்குப் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அக்காவுக்கு மூட்டை வரவில்லை. எந்தக் கம்பெனியும் கோபப்படவில்லை, மிரட்டவில்லை. அந்தம்மா மூட்டைக்குப் பேர் கேக்கும், வேற எங்கயாச்சும் தட்டு என்று லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். நாரணாபுரம் பக்கம் ஒரு அண்ணாச்சி புதிதாகப் பெரிய கொட்டகை போட்டிருந்தார். அவர் எதையும் கேட்க மாட்டார். மூட்டைகள் அங்கே போயின. இரண்டு மாதத்தில் அந்த ஆறு பெண்களும் மூட்டைகளுக்குப் பின்னாலேயே போனார்கள். அடுப்பெரிய வேண்டாமா? அக்கா கொட்டகையைப் பூட்டினார்.

அதற்கு அடுத்த வருஷம், போர்டு எழுதும் வேலையாக அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். ஒரு புதன்கிழமை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆறு பேரும் அதில் இருந்தார்கள். கடைசியில், சுவரோரமாக அக்கா.

"என்னக்கா இங்கன இருக்கீக?"

"மூட்டை இங்கனதானே வருது?" என்றார். கை நிற்கவில்லை.

அண்ணாச்சி என்னை வெளியே கூட்டிவந்தார். "பாத்தியா? அன்னைக்கு மொதலாளி, இன்னைக்கு என்கிட்டக் கூலிக்கு. பாவம்னு சேத்தேன். ஆனா சரிப்படாது. ஒவ்வொரு தாளா மூக்குல வச்சுக்கிட்டு இருக்கு. மத்தவளுகளுக்கும் அதையே பளக்கிவிட்டிருச்சு. ஒரு மூட்டைக்கு ரெண்டு மணி நேரம்! சீசன் நேரத்துல லோடு எப்படிப் போகும்? சனிக்கிழமையோட நிப்பாட்டிரணும்."

"அண்ணாச்சி, அந்த அக்கா மெதுவாப் பாக்குற வரைக்கும்தான் ஒங்க கொட்டகைக்குக் கூரை இருக்கும்" என்றேன்.

என் வாயிலிருந்து எது வந்தாலும் சிரிக்கத்தான் என்று ஊர் முடிவு கட்டி ரொம்ப நாளாகிறது. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒன் வாய் இருக்கே! டீ சொல்லட்டா?"

அந்தச் சனிக்கிழமையே அக்காவை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை காலையில், வழக்கம்போலப் பேர் எழுதாத மூட்டைகள் வந்து இறங்கின. ஆறு பெண்களும் வேலைக்கு வந்தார்கள்.